அரைப் பாதசாரி

நீச்சல் மாஸ்டர் இறந்து ஒரு மழைக்காலம் போன பிறகு அவருடைய மனைவி அவரை மறுபடி பார்த்தாள். காலையில் மருந்துக்கடையின் ஷட்டரைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தபோது, பெட்ரோல் பங்குக்கு மேலே புதிதாக எழும்பியிருந்த விளம்பரப் பலகையில் அவர் நடந்துகொண்டிருந்தார்.

செங்கல் நிறத்தில் அகலமான நடைபாதை. இரு பக்கமும் மரங்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் ஒரு பெண், சைக்கிளில் ஒருவன், பெஞ்சில் உட்கார்ந்து எதற்கோ சிரிக்கும் இரண்டு முதியவர்கள். நடுவில் அவர். சாம்பல் நிற அரைக்கைச் சட்டை, கையில் சாப்பாட்டுக் கேரியர், நடக்கும்போது இடப்பக்கம் சற்றே சாயும் அந்தத் தோள். கீழே 'நடப்போம், வாழ்வோம்' என்று எழுதி, நடைநகர் ஆணையம் என்று போட்டிருந்தது.

யாரோ அவர் சாயலில் இருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்தாள். சாம்பல் நூல் தீர்ந்துபோன ஒருநாள் அவள்தான் அதைக் கறுப்பு நூலில் தைத்துக் கொடுத்திருந்தாள். படம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் நூல் நன்றாகவே தெரிந்தது.

கடையும் வீடும் எதிரெதிரே. நடுவில் ரோடு. அது ஒரு காலத்தில் தெருவாக இருந்தது. அப்போது மாடியிலிருந்து கூப்பிட்டால் கடையில் கேட்கும். பிறகு அதை அகலப்படுத்தினார்கள். நடைபாதை போயிற்று. மறுபடி அகலப்படுத்தினார்கள். மரங்கள் போயின, வீட்டு வாசற்படிகள் போயின. இப்போது எதிர்ப்பக்கம் பேச வேண்டுமென்றால் போன் போட வேண்டும். ரோட்டை முறைப்படி கடக்க வேண்டுமானால் பஸ் ஏறி, அடுத்த மேம்பாலம் வரை போய், அடியில் புகுந்து, எதிர்ப்பக்கம் இன்னொரு பஸ் பிடித்து வர வேண்டும். அதனால் எல்லோரும் நடுவிலிருந்த இரும்புத் தடுப்பில் யாரோ வளைத்து வைத்த இடைவெளி வழியாக, சாமியை வேண்டிக்கொண்டு, ஓடிக் கடந்தார்கள்.

நகரத்தில் நடைபாதைகள் இருந்தவரை அவற்றைக் கவனிக்க யாரும் இருக்கவில்லை. கடைசி நடைபாதையைப் பெயர்த்த பிறகுதான், ஊரில் ஒருவரும் நடப்பதில்லையே என்ற கவலை மேலிடத்துக்கு வந்தது. அந்தக் கவலையிலிருந்து பிறந்தது நடைநகர் ஆணையம்.

மாஸ்டர் நகராட்சி நீச்சல்குளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். தினமும் மதியம் கேரியரோடு ரோட்டைத் தாண்டி வந்து, மனைவி சாப்பிடும் வரை கவுண்டரில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் ஊர்க்கதை பேசுவார். அப்படி வந்த ஒரு மதியம், ஒரு சரக்கு லாரி அவரை நடு ரோட்டில் நிறுத்திவிட்டது.

வீட்டில் அவருடைய அக்காவும் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்துத் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். தம்பியின் உயரம், தம்பியின் அதே சாய்ந்த நடை. அவன் இறந்துபோன வாரத்தில் அவள் மருந்துக்கடைக்காரியிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள்: "காலையில கிளம்பும்போதே நீ சாப்பாட்டைக் கையோட எடுத்துட்டுப் போயிருந்தா அவன் எதுக்கு ரோட்டைத் தாண்டறான்?" மறுபடி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அன்றிலிருந்து அவள் ரோட்டைக் கடந்து கடைக்கு வந்ததே இல்லை. இருவரும் ஒரே வீட்டில் உப்பு, பால், கரண்டு பில் ஆகிய மூன்றைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

பலகை வந்த அன்று கடையில் போன் அடித்தது.

"மேல பாரு" என்றாள் அக்கா.

"பார்த்தேன் அண்ணி."

"அவன்தானே?"

"அவர்தான்."

இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, அண்ணாந்து பார்த்தார்கள். இடையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

ஒரு வாரத்துக்குள் அவர் ஊரெல்லாம் பரவிவிட்டார். ரயில் நிலையத்துக்கு எதிரில் நடந்தார். நீதிமன்றச் சுவரில் நடந்தார். பஸ்களின் முதுகில் நடந்தபடி பஸ்ஸோடு போனார். "நேத்து பாலத்துக்கிட்ட உங்க வீட்டுக்காரரைப் பார்த்தேன்" என்றார் இருமல் மருந்து வாங்க வந்த சலூன்காரர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்த மாதம் யாரும் நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. "சார் ஆஸ்பத்திரி வாசல்ல இருக்காரே", "சார் எங்க தெருமுனைக்கு வந்துட்டார்" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். மருந்துக்கடைக்காரி மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுத்தபடி, "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டாள். வெளியூர் போயிருப்பவரைப் பற்றி விசாரிப்பதுபோலத்தான் இருந்தது அது.

பிறகு அவர் மாறத் தொடங்கினார். புதிய பலகையில் தொப்பை இல்லை. அதற்கடுத்ததில் தலைமுடி கறுத்திருந்தது. நடக்கும் நகரத்தில் மனிதர்கள் இளமையாகிறார்கள் என்பது ஆணையத்தின் கொள்கை. கேரியர் போய், கையில் மூடி போட்ட காப்பிக் குவளை வந்தது. ஒருநாள் காலை பெட்ரோல் பங்குக்கு மேலே அவர் ஒரு பெண்ணின் கையைக் கோத்துக்கொண்டு நடந்தார். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

போன் அடித்தது.

"யாரு அவ?" என்றாள் அக்கா.

"எனக்கென்ன தெரியும் அண்ணி?"

"உனக்குத் தெரியாம எப்படி? உன் புருஷன்தானே!"

"உங்க தம்பியும்தானே."

"உயிரோட இருந்தவரைக்கும் ஒருத்தியை ஏறெடுத்துப் பார்த்திருப்பானா அவன்?" என்றாள் அக்கா. "போய்க் கேளு. கேட்டுட்டு வா."

நடைநகர் ஆணையத்தின் அலுவலகம் ஊருக்கு வெளியே, வட்டச்சாலையின் ஓரத்தில் இருந்தது. பஸ் எதிர்ப்பக்கத்தில் இறக்கிவிட்டது. மருந்துக்கடைக்காரி கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிக் கடந்தாள். வாசலில் கதவு திறக்கவில்லை. வண்டி வந்து நின்றால்தான் அது தானாகத் திறக்கும் என்று காவலாளி விளக்கினார்.

"நான் நடந்து வந்திருக்கேங்க."

"நடந்து வர்றவங்களுக்கு வழி கிடையாதும்மா."

"இது நடக்கறவங்களுக்கான ஆபீஸ்தானே?"

"ஆமாம்மா. அவங்களுக்காகத்தான் உள்ள எல்லாரும் ராப்பகலா வேலை செய்யறாங்க" என்றார் காவலாளி. குரலில் கிண்டல் ஏதும் இல்லை. கடைசியில் உள்ளே போகவிருந்த ஒரு அதிகாரியின் காரில் ஏற்றிவிட்டார். அவள் கதவைச் சாத்தி, சீட் பெல்ட்டை மாட்டி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

துணை இயக்குநர் நடைக்கூடத்தில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். அது நீளமான, குளிரூட்டப்பட்ட அறை. வரிசையாக நடைப்பயிற்சி இயந்திரங்கள். ஒவ்வொன்றின்மேலும் ஒரு அதிகாரி கழுத்துப்பட்டையும் அடையாள அட்டையுமாக நடந்துகொண்டிருந்தார். ஆணையத்தில் வேலை பார்ப்பவர்கள் தினமும் கட்டாயம் நடக்க வேண்டும் என்பது விதி. சிலர் நடந்தபடியே கோப்புகளில் கையெழுத்திட்டார்கள். அவர்களுக்கு எதிரே, சுவர் முழுக்க ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது.

படத்தில் அவளுடைய வீட்டு வாசல் இருந்தது. மரங்கள் இருந்தன, பெஞ்சு இருந்தது, ரோட்டின் குறுக்கே பளிச்சென்று வெள்ளைக்கோடுகள் இருந்தன. மாஸ்டர் வாசலிலிருந்து வெளியே வந்தார். இருபுறமும் பார்த்தார். இது பலகைப் படம் போன்றதில்லை. தோள் அசைந்தது, சட்டை காற்றில் படபடத்தது. இறங்கி நடந்தார். நடு ரோட்டுக்கு வந்தார். அங்கே ஒரு கணம் தலையைத் திருப்பினார். அதற்குமேல் அவர் இல்லை. ரோடு மட்டும் இருந்தது. பிறகு மறுபடி வாசலிலிருந்து வெளியே வந்தார்.

அதிகாரிகள் அவருக்குப் பின்னால் அணிவகுத்து, ஓரடியும் நகராமல் நடந்துகொண்டிருந்தார்கள். அவர் மறைவதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் வந்தார், நடந்தார், திரும்பினார், மறைந்தார்.

"வாங்கம்மா, வாங்க. நடந்துகிட்டே பேசலாம்" என்றார் துணை இயக்குநர் தன் இயந்திரத்தின் மேலிருந்து. வழுக்கைத் தலையில் வியர்வை. பேச்சு மூச்சிரைப்போடு துண்டுதுண்டாக வந்தது. "எங்க முதல் கொள்கை, பாதசாரிதான் ராஜா. ரெண்டாவது, நிழல். மூணாவது, வண்டி மெதுவாப் போகணும், மனுஷன் அவசரப்படக் கூடாது. நாலாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆசைத்தடம்னு பேரு. மக்கள் எங்க நடக்க ஆசைப்படறாங்களோ, அங்கதான் வழி போடணும். நாம வழி போட்டுட்டு அவங்களை அதுல நடன்னு சொல்லக் கூடாது. எவ்வளவு அழகான விஷயம் பாருங்க! இதைப் பத்தி நான் ஒம்பது நாட்டுல பேசியிருக்கேன்."

"அது எங்க வீட்டுக்காரர் சார்" என்று அவள் சுவரைக் காட்டினாள்.

"அடடா!" அவர் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தார். "அவர் சம்சாரமா நீங்க? எங்க ஆணையத்தோட முகமே அவர்தாம்மா."

"அவர் செத்துப்போயிட்டார்."

"தெரியும். கோப்புல இருக்கு. ரொம்ப வருத்தம். ஆனா நடையைப் பாருங்க, எவ்வளவு நம்பிக்கையா இறங்கறார்! இப்படிப் பயமில்லாம நடக்கற ஆள் இப்பல்லாம் கிடைக்கறதில்ல. மக்கள் எப்படிக் கடக்கறாங்கன்னு ஆய்வு பண்ண எதிர் மொட்டைமாடியில கேமரா வெச்சிருந்தோம். மத்தவங்க எல்லாரும் ஓடறாங்க. ஓடறவங்களை வெச்சு நடைநகரம் படம் எப்படி எடுக்கறது?"

"அன்னிக்கா எடுத்தீங்க?"

"அன்னிக்கேதான்."

"அப்ப, அதுக்கு அப்புறம்?"

"அதுக்கு அப்புறம் படம் இல்லம்மா. கேமராக்காரன் கேமராவைப் போட்டுட்டுக் கீழ ஓடிட்டான். உங்க வீட்டுக்காரரைத் தூக்கப் போனானாம். கேமரா உடைஞ்சுபோச்சு. அரசாங்கச் சொத்து. ஆளை வேலையை விட்டு நிறுத்தவேண்டியதாப்போச்சு." துணை இயக்குநர் துண்டால் நெற்றியைத் துடைத்தார். "ஆனா ஆய்வுல உங்க வீட்டுக்காரரை நாங்க விட்டுடலை. பாதி தூரம் வந்திருக்கார் இல்லையா? அரைப் பாதசாரின்னு கணக்குல சேர்த்திருக்கோம். விட்டிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. நான்தான் நியாயமா இருக்கணும்னு சொன்னேன்."

எதைக் கேட்க வந்தோம் என்பதே மருந்துக்கடைக்காரிக்கு மறந்துபோயிற்று. "சார், அந்த இடத்துல ஒரு வெள்ளைக்கோடு போட்டு, ஒரு சிக்னல் வெச்சீங்கன்னா போதும். அந்தப் பக்கம் நிறைய பேர் இருக்காங்க."

"போட்டிருக்கோமேம்மா." அவர் சுவரைக் காட்டினார். கோடுகள் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"ரோட்டுல சார்."

"ரோடு வேற துறை. அவங்க வண்டியைப் பார்க்கறாங்க. நாங்க நடக்கறதைப் பார்க்கறோம். ஒருத்தர் வேலையில ஒருத்தர் தலையிடறதில்ல. அப்படி இருக்கறதாலதான் ரெண்டு துறையும் நல்லா இயங்குது."

சுவரில் மாஸ்டர் வாசலிலிருந்து வெளியே வந்தார். மருந்துக்கடைக்காரி வாயிலிருந்து அவள் நினைத்தே பார்த்திராத ஒரு கேள்வி வந்தது.

"அவர் அந்தப் பக்கம் வந்து சேரவே மாட்டாரா சார்?"

துணை இயக்குநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார். அந்தக் கூடத்தில் ஒருவர் இறங்கி அவள் பார்த்தது அப்போதுதான். "இதையேதான் பரிசுக் குழுவும் கேட்டாங்க" என்றார். "வாழத்தகுந்த நகரம்னு ஒரு சர்வதேசப் பரிசு. படத்தைப் பார்த்துட்டு, எல்லாம் பிரமாதம், ஆனா இந்த ஆள் எங்க போறார்னு கேட்டு எழுதியிருக்காங்க. உங்களுக்கும் அதே சந்தேகம் பாருங்க! அடுத்த வாரம் மீதிப் பாதியையும் எடுத்துடறோம். கவலைப்படாதீங்க, உங்க வீட்டுக்காரரைக் கொண்டுபோய்ச் சேர்க்கறது எங்க பொறுப்பு."

வீட்டுக்கு வந்தவள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அந்தப் பொண்ணு யாருன்னு கேட்டியா?"

"மறந்துட்டேன் அண்ணி."

"அவன் நடு ரோட்டுலயேவா நிக்கறான்?"

"நிக்கலை. அங்க வரைக்கும் வர்றார். அப்புறம் காணோம். திரும்ப நம்ம வாசல்லேருந்து கிளம்பறார்."

"எத்தனை தடவை?"

"நாள் முழுக்க."

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை. இருந்தாலும் இருவரும் கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படப்பிடிப்பு நாளன்று மாஸ்டராக நடிக்க ஒரு நாடக நடிகரை அழைத்து வந்திருந்தார்கள். நல்ல உயரம். சாம்பல் சட்டையும் தைத்திருந்தார்கள். ஆனால் அவர் ராஜாக்கள் வேஷம் கட்டிப் பழகியவர். வீட்டு வாசலில் ஒத்திகை பார்த்தபோது நெஞ்சை நிமிர்த்தி, போருக்குப் போகிறவர்போல ரோட்டில் இறங்கினார். தோளைச் சாய்க்கச் சொன்னார்கள். சாய்த்தார். நொண்டுவதுபோல இருந்தது.

மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "அவன் இப்படியா நடப்பான்?" என்று கத்தினாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் உள்ளே போனாள். திரும்பி வாசலில் வந்து நின்றபோது தம்பியின் கால்சட்டையும், கறுப்பு நூல் பொத்தான் வைத்த சட்டையும் போட்டிருந்தாள். தலைமுடியை இழுத்துச் சுருட்டித் தொப்பிக்குள் செருகியிருந்தாள். கையில் கேரியர். துணை இயக்குநர் கையிலிருந்த ஒலிபெருக்கியை இறக்கினார். மேக்கப் போடுகிற பெண் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"நான் நடக்கறேன்" என்றாள் அக்கா.

பரிசுக்கான படம் என்பதால் போலீஸ் வந்து இருபுறமும் போக்குவரத்தை நிறுத்தியது. கடைசி லாரி போனதும் ரோட்டில் அமைதி இறங்கியது. அந்த இடத்தில் அப்படி ஒரு அமைதியை வெகுகாலமாக யாரும் கேட்டதில்லை. எதிர் மாடியில் யாரோ பாத்திரம் கழுவுவது மருந்துக்கடைக்குள் கேட்டது. ஒரு குழந்தை தும்மியது. ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, இரண்டு பக்கமும் ஜனங்கள் வெளியே வந்தார்கள்.

மருந்துக்கடைக்காரி கடை வாசலில் நின்றாள். எதிர் வாசலிலிருந்து அவர் இறங்கினார். அக்காதான் என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்தச் சட்டையைத் துவைத்து, கிழிசலைத் தைத்து, இஸ்திரி போட்டு எடுத்து வைத்தவளே அவள்தான். ஆனாலும் அந்தத் தோள் சாய்ந்து சாய்ந்து வந்தபோது அவள் கடைப்படியிலிருந்து ஓரடி இறங்கினாள். நடு ரோட்டுக்கு வந்ததும் அந்த உருவம் நின்றது. தரையைப் பார்த்தது.

"ஏன் நிக்கறார்? நிக்கச் சொல்லலையே!" என்று ஒலிபெருக்கி அலறியது.

வந்துடுங்க, என்று மருந்துக்கடைக்காரி வாய்க்குள் சொன்னாள். நின்னுடாதீங்க, வந்துடுங்க.

உருவம் காலை எடுத்து வைத்தது. நடந்தது. வந்தது. அதைப் பார்த்ததும் சலூன்காரர், எதிர்ப்பக்கத்தில் ரொம்ப நாளாகப் பார்க்காத தன் தம்பியைப் பார்க்க ரோட்டில் இறங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் பூட்டு ரிப்பேர்க்காரர். எதிர்ப்பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு ஒருத்தி, ஊன்றுகோலோடு ஒரு முதியவர், ஒரே பந்தைத் துரத்திக்கொண்டு நாலைந்து பிள்ளைகள். ரோடு நிறைந்துவிட்டது. நடு ரோட்டில் நின்று இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தவர்களாம்.

"போங்க, போங்க! படம் கெடுது! பாதசாரிங்க எல்லாம் ரோட்டை விட்டுப் போங்க!" என்று துணை இயக்குநர் தொண்டை கிழியக் கத்தினார். "இது நடைநகரம் படம்! ஜனங்க குறுக்க வராதீங்க!"

இந்தக் களேபரத்துக்கு நடுவே அக்கா வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் வியர்வை. கேரியரை நீட்டினாள்.

"காலியாத்தான் இருக்கு."

"பரவால்ல அண்ணி." மருந்துக்கடைக்காரி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அக்கா கடைப்படியில் உட்கார்ந்தாள். "நீ சாப்பாட்டை எடுத்துட்டுப் போயிருந்தாலும் அவன் வந்திருப்பான்" என்றாள், ரோட்டைப் பார்த்தபடி. "தயிரை மறந்துட்டா, ஊறுகாயை மறந்துட்டான்னு ஏதாவது ஒரு சாக்கு சொல்லிட்டு வந்திருப்பான். மத்தியானம் ஆனா அவனுக்கு வீட்டுல கால் நிக்காது. எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் உன்னை அப்படிச் சொன்னேன்."

மருந்துக்கடைக்காரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். விசில் ஊதினார்கள். ஜனங்கள் அகப்பட்ட பக்கம் ஒதுங்கினார்கள். லாரிகள் மறுபடி பாய்ந்தன. சலூன்காரர் எதிர்ப்பக்கத்தில் மாட்டிக்கொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில் அக்கா வீட்டுக்குப் போக ரோட்டில் இறங்கினாள். மாற்றிக்கொள்ள வேறு துணி இல்லை. தம்பியின் சட்டையிலேயே இறங்கினாள். எதிரே வந்த லாரி கிறீச்சென்று கத்திக்கொண்டு நின்றது. ஓட்டுநர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், பெட்ரோல் பங்குக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கும்பிட்டார். அவருக்குப் பின்னால் வந்த வண்டிகளும் நின்றன. அக்கா நிதானமாக நடந்து வீட்டுக்குள் போனாள்.

அப்புறம் அந்தச் செய்தி லாரிகளோடு ஊர் ஊராகப் போயிற்று. அந்த இடத்தில் பலகையிலிருந்து ஒரு ஆள் இறங்கி நடக்கிறான் என்றார்கள். அவன் நடக்கும்போது வண்டியை நிறுத்தாவிட்டால் வீடு போய்ச் சேர மாட்டாய் என்றார்கள். ஆணையத்தின் செலவில் அந்த ஆளின் முகம் எல்லா ஊரிலும் இருந்ததால், தெரியாதவர்கள் யாரும் இல்லை. அக்கா தினமும் மதியம் தம்பியின் சட்டையில் கேரியரோடு வந்தாள், சாயங்காலம் திரும்பினாள். இப்போது கேரியரில் சாப்பாடு இருந்தது. அவள் கிளம்பும் நேரத்துக்கு வாசலில் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். அவளை ஒட்டிக்கொண்டு எல்லோரும் கடந்தார்கள். காத்திருப்பவர்களுக்காகப் பூட்டு ரிப்பேர்க்காரர் ஒரு பெஞ்சைப் போட்டார். யாரோ மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டினார்கள். நாளடைவில் வண்டிகள் அந்த இடம் வந்தாலே மெதுவாக ஊர்ந்தன.

ஆணையத்துக்குப் பரிசு கிடைத்தது. கிடைத்த மறுவாரம் துணை இயக்குநரின் கார் எதிர்ப்பக்கத்தில் வந்து நின்றது. ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டதாம். மருந்துக்கடை இந்தப் பக்கம். காரைத் திருப்பிக்கொண்டு வர வேண்டுமென்றால் மேம்பாலம் வரை போக வேண்டும், அங்கே நெரிசல். அவர் ரோட்டோரம் வந்து நின்றார். காலை இறக்கினார். எடுத்தார். பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் இடம் விட்டார்கள்.

அக்கா வந்ததும் அவருக்கு முகம் வெளுத்தது. "கையைப் பிடிச்சுக்கோங்க" என்றாள் அவள். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். மருந்துக்கடைப் படியேறிய பிறகுதான் திறந்தார்.

"நான் இன்னிக்குத்தான்..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தவர், சுற்றிலும் ஆட்கள் நிற்பதைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "ஆசைத்தடம்னு நான் அப்பவே சொன்னேன் இல்லையா? அதான் இது. இந்த இடத்தை எங்க சாதனைகள்ல சேர்த்துடறோம்." மாத்திரையை வாங்கிக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், அவங்க திரும்பிப் போறது எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். சாயங்காலம் என்றார்கள். கடைக்குள் ஒரு ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார்.

அன்றைக்குக் கடையைச் சாத்தும் நேரம். அக்கா கிளம்பத் தயாரானாள். வெளியே துணை இயக்குநரோடு சேர்த்து ஒரு சிறு கூட்டம் அவளுக்காக நின்றது. மருந்துக்கடைக்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் மதியம் அவர் வருவதும், பக்கத்தில் வந்ததும் அவர் இல்லாமல்போவதும் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, போதும். நாளைலேருந்து உங்க துணியிலயே வாங்க. என்னால பார்க்க முடியலை."

"என் துணியிலயா?" அக்கா தொப்பியைச் சரிசெய்தாள். "ஒருநாள் உனக்குத் தெரியாம அப்படி இறங்கிப் பார்த்தேன். மயிரிழையில தப்பிச்சேன். ஆரன் அடிச்சு, வாயில வந்தபடி திட்டிட்டுப் போறானுங்க. செத்தவனுக்குத்தாண்டி நிக்கறாங்க. உயிரோட இருக்கறவளுக்கு எவன் நிக்கறான்?"

மருந்துக்கடைக்காரி ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். அக்காவின் சட்டைக் காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. அதை வெளியே எடுத்து, விரலால் நீவிச் சரியாக்கினாள்.

"சரி, வாங்க" என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ரோட்டில் இறங்கினார்கள். வண்டிகள் நின்றன.